ஜெபத்தில் சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் கேட்கக் கூடாது

சட்டென்று பற்றிக்கொள்கிற என் அன்பு மகள் தீப்பெட்டிக்கு அப்பா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்காமல், சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவும் சுகம் என்று எழுதப் பேனா நுனிவரை வந்துவிட்டது, ஆனால் அது எனக்கே நிச்சயமாகத் தெரியாத விஷயம், அதனால் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், முழுவதையும் படித்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் போட்டுக்கொள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் தனியாகப் பேசலாம் என்று பின்பக்கம் போனால் காய்கிற துணியை எடுக்க அவளும் பின்னாலேயே வந்துவிடுவாள், ஆஸ்பத்திரியில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு வீட்டிலும் துணிதான் சாக்கு. ஆகவே பல்செட் கட்டுகிற என் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எதிரே நாலைந்து பிளாஸ்டர் தாடைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கின்றன, சிரிக்கட்டும், அவைகளுக்கென்ன, கல்யாணமா காட்சியா.

முதலில் ஊர் விஷயம். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சுகள் குவிந்து கிடக்கின்றன, உலகத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பல் விழுந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. நம் சபையில் பாடுகிற வாய்களில் பாதி என் கைவேலை என்பது உனக்குத் தெரியும், மற்றவர்கள் பாட்டின் அர்த்தத்தைக் கவனிக்கிறபோது நான் மேல்செட் அசைகிறதா என்று கவனிக்கிறவன். போன மாதம் பாடகர் குழுவில் இருக்கிற ரிட்டயர்ட் தபால்காரர் ஒரு தும்மல் போட்டார் பார், செட் பறந்து முன்வரிசையில் போய் விழுந்தது, மனுஷன் கொஞ்சமும் அசராமல் போய் எடுத்து, வேட்டியில் துடைத்து, வாயில் மாட்டிக்கொண்டு அடுத்த சரணத்தைச் சரியான இடத்தில் பிடித்தார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது, உன் அம்மா முறைத்த முறையில் தும்மினது நான்தான் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டு டெய்லர் தம்பதி மறுபடியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், இந்த முறை காரணம் மின்விசிறி, அவருக்கு வேண்டும், அந்த அம்மாவுக்கு வேண்டாம். இதையெல்லாம் எழுதி நான் நாளைக் கடத்துகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஜெபத்தில் சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் கேட்கக் கூடாது. அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் சாயங்கால குடும்ப ஜெபத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, இந்த வீட்டில் உப்பு ஓர் அளவோடு விழும்படி கட்டளையிடும் என்று உருக்கமாக வேண்டினேன். அப்புறம் ஒரு வாரம் உப்பே விழவில்லை, பேச்சும் விழவில்லை. அப்போது இருந்த பழைய போதகர் வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஆண்டவரிடம் சொன்னது ஆண்டவரிடம் சொன்னது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை பண்ணக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம். நாங்கள் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதற்கு நீயே சாட்சி. நேருக்கு நேர் சொல்ல முடியாததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்துச் சொல்வது, பக்கத்தில் இருக்கிறவர் கேட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பது. நீயும் லேசுப்பட்டவளா, ஆண்டவரே, கணக்கில் எனக்கு வந்திருக்கும் மார்க்கைத் தாங்கிக்கொள்ள அப்பா அம்மாவுக்குப் பெலன் தாரும் என்று சொல்லிவிட்டு, ஆமென் போட்டு, எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டவள்தானே.

இப்போது கேள். போன வாரம் ஒரு சாயங்காலம், வழக்கம் போல நான் வேதம் வாசித்தேன், அம்மா பாட்டுப் பாடினாள், நான் ஜெபித்தேன், அதில் ஒன்றும் குற்றம் சொல்ல முடியாது, உன்னைப் பற்றித்தான் நிறைய வேண்டிக்கொண்டேன். அவள் முறை வந்தது. எடுத்த எடுப்பில், ஆண்டவரே, இந்த வீட்டை விட்டுப் போகிறதற்கு எனக்குப் பெலன் தாரும் என்றாள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கண் மூடியிருந்தது, முகம் அமைதியாக இருந்தது, ஆஸ்பத்திரிப் போர்வையை மடித்து வைத்தமாதிரி ஒரு சுருக்கமில்லாத முகம். அப்புறம் உலக சமாதானம், நோயாளிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் வேண்டிவிட்டு ஆமென் சொல்லி எழுந்து தட்டை எடுத்து வைத்தாள். நான் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏன் சாப்பிடலை, குழம்பு சரியில்லையா என்றாள். குழம்பா பிரச்சினை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், சட்டம் ஞாபகம் வந்தது, திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வீட்டை விட்டு, எங்கே, யாரோடு, எத்தனை நாளைக்கு, அதைவிட முக்கியமாக, எதனால். என் குற்றங்களை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குறட்டை, அது புதிதல்ல. பாத்ரூம் ஜன்னலில் பிளாஸ்டர் தாடையைக் காய வைப்பது, அதற்கும் பழகிவிட்டாள். அவள் பாடுகிறபோது உச்ச ஸ்தாயியில் பக்கத்துத் தெரு நாய் சேர்ந்து பாடுகிறது என்று விருந்தாளிகளிடம் சொன்னது, அது நகைச்சுவை. இதற்கெல்லாமா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள். ஆனால் அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பீரோ மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கி வெயிலில் வைத்தாள். என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று பாடம் நடத்தினாள், நான் கவனிக்காமல் அவள் முகத்தையே பார்த்ததால் திரும்பவும் சொல்லிக் கொடுத்தாள், கோபப்படாமல். இதையெல்லாம்விடப் பெரிய அடையாளம், நான் எப்போதும் சொல்கிற அந்த ஒட்டகச்சிவிங்கி தொண்டைவலி ஜோக்கைச் சொன்னபோது சிரித்தாள். மகளே, உன் அம்மா அந்த ஜோக்குக்கு இதுவரை சிரித்ததே கிடையாது. பிரிந்து போகிறவர்கள்தான் அவ்வளவு இரக்கமாக நடந்துகொள்வார்கள்.

சரி, போதகரிடம் நூல் விட்டுப் பார்க்கலாம் என்று போனேன். இப்போது இருக்கிறவர் இளைஞர், முன்பல் இரண்டும் நான் செய்து கொடுத்தது, அதற்கப்புறம்தான் பிரசங்கத்தில் விசில் சத்தம் நின்றது, அந்த உரிமையில் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், என்று ஆரம்பித்தேன், ரொம்ப நாளாய் ஓர் இடத்தில் இருந்தவர் விட்டுப் போக நினைத்தால் மற்றவர் என்ன பண்ண வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அண்ணே, மறைக்காதீங்க, அந்தப் பெரிய டிரம்ஸ் வச்சிருக்கிற சபைக்குத்தானே போகப் போறீங்க என்றார். நான் இல்லை இல்லை என்கிறேன், அவர் என் தலையில் கையை வைத்துவிட்டார், தலையில் கை வைத்த பிறகு மறுத்துப் பேச முடியுமா. கழுத்து வலிக்கிற வரைக்கும் ஜெபித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், மந்தையை விட்டு ஓடுகிற ஆடு. முழுப் பிரசங்கத்தையும் என்னைப் பார்த்தே செய்தார். உன் அம்மா முழங்கையால் இடித்து, என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க, உங்களையே பாத்துப் பேசறாரு என்று கிசுகிசுத்தாள். ஓடப்போகிற ஆடு பக்கத்தில் உட்கார்ந்து என்னை இடிக்கிறது, நான் எதைச் சொல்ல.

வேறு வழி இல்லாமல் சட்டத்துக்கு உட்பட்டே இறங்கினேன். அன்று சாயங்கால ஜெபத்தில், ஆண்டவரே, இந்த வீட்டை விட்டுப் புறப்பட நினைக்கிறவர்களுக்கு வழியெல்லாம் மழையைக் கட்டளையிடும் என்றேன். அவள் முறையில், மழையை அனுப்பினால் கூடவே ஒரு குடையையும் அனுப்பும் ஆண்டவரே என்றாள். மறுநாள் நான், வீட்டில் தனியாய் விடப்படுகிறவன் பட்டினி கிடக்காதபடி இரக்கமாயிரும் என்றேன். அவள், வளர்ந்த மனுஷனுக்கு அடுப்பு மூட்டுகிற ஞானத்தைத் தாரும் என்றாள். அதற்கடுத்த நாள் நான் ஒன்றும் வேண்டாமல் ஆமென் மட்டும் சொன்னேன். அப்போது அவள் குரல் மாறியது. ஆண்டவரே, படுக்கையில் தனியாய்க் கிடக்கிற என் அக்காவை நினைத்தருளும், அவள் கூப்பிடுகிறாள், நான் என்ன செய்ய என்று நீரே சொல்லும் என்றாள்.

உன் பெரியம்மா. உனக்கு அவளை இரண்டு மூன்று முறை பார்த்த ஞாபகம்தான் இருக்கும், ரிட்டயர்ட் தலைமையாசிரியை, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், உன் பாட்டி சீக்கிரம் போய்விட்டதால் உன் அம்மாவைத் தலைவாரிப் பின்னிப் படிக்க வைத்து ஆளாக்கியவள். நான் உன் அம்மாவைக் கேட்டு வந்தபோது, பல்லுக் கட்டுறவனுக்கா என் தங்கச்சி என்று சொல்லிக் கல்யாணத்துக்கே வரவில்லை. அப்புறம் வந்துபோனாலும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள், நான் டாக்டர் இல்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்க வேண்டுமே, அதற்காக. அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது அந்த ஜெபத்தின் மீதியில்தான் எனக்குத் தெரிந்தது. இதில் என் குழப்பம் என்ன தெரியுமா, சிரிக்காமல் கேள். அவளுடைய மனதை இளக்கும் ஆண்டவரே என்று நான் எத்தனையோ வருஷமாக வேண்டிக்கொண்டு வருகிறேன், உண்மையாகத்தான் வேண்டினேன், மெனக்கெட்டு முழங்கால் போட்டு. மனது இருந்த இடத்தில் இருக்கிறது, இடுப்பு விட்டுப்போயிற்று. என் விண்ணப்பம் மேலே போகிற வழியில் எங்கே இடம் மாறியது. ஆண்டவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அந்த வேண்டுதலை இப்போது வாயில் எடுக்கப் பயமாக இருக்கிறது. போதகரிடம் கேட்கலாம் என்றால் மறுபடியும் தலையில் கை வைப்பார்.

இன்னொரு குழப்பம். அக்காவுக்குச் செய்யப் போகிறேன் என்றால் போய் வா என்றுதானே சொல்லப் போகிறேன், அதற்கு எதற்கு இவளுக்கு இத்தனை பெலன். வீட்டை விட்டு என்று ஏன் சொன்னாள். போய்ப் பார்த்துவிட்டு வர என்று சொல்லவில்லை. உன்னிடம் ஏதாவது சொன்னாளா. சொல்லியிருந்தால் மறைக்காமல் எழுது, எனக்கு மட்டும் தெரியாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அது பழக்கம்தான்.

மேலே இருப்பதை எழுதி மூன்று நாள் ஆயிற்று, தபாலில் போடாமல் மேசை டிராயரில் மெழுகுப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், கிழித்துப் போடலாமா என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன், நீ அதையும் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் இனி வருவது புரியாது. நான் சட்டத்தை மீறிவிட்டேன். அதை எழுதின அன்று இரவே, சாப்பாட்டு மேசையில் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நீ போகிறாயா, போனால் திரும்பி வருவாயா என்று கேட்டேன். சட்டத்தை மீறியதற்குக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது, ஆனால் அதற்கில்லை. இத்தனை நாளா உங்க காதுல விழணும்னுதானே தொண்டை கிழியச் சத்தமா ஜெபம் பண்ணேன், காதுலயும் பிளாஸ்டர் ஊத்தி வச்சிருக்கீங்களா என்றாள். கேட்கக் கூடாது என்றுதானே சட்டம் என்றேன். ஆமா, பெரிய சட்டம், நீங்க மீறணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன் என்றாள். நான் மீறாமல் இருந்தது அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நான் நினைத்திருக்கிறேன், அவள் அதை அக்கறை இல்லாமை என்று நினைத்திருக்கிறாள், இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு.

எதற்கு இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும், என்னிடமே நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் மகளே எனக்கு இன்னும் உள்ளே இறங்காமல் நிற்கிறது. உங்ககிட்டச் சொன்னா ஒரு ஜோக் அடிப்பீங்க, நானும் சிரிச்சிட்டு எழுந்து போயிடுவேன், அதான் ஆண்டவர்கிட்டச் சொன்னேன், அவர் ஒருத்தர்தான் நான் பேசும்போது சிரிக்காம கேக்கறவர் என்றாள். பதிலுக்கு ஒரு ஜோக் தயாராக நாக்கு நுனிக்கு வந்தது, நல்ல ஜோக்தான், வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் முழுவதும் வந்தது. பெரியம்மா இனி தனியாக நடமாட முடியாது. நீ வந்துடு, இங்கேயே இரு, அந்த டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். போய்விட்டு எப்போது வருவாய் என்றேன். தெரியாது என்றாள். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா எனக்கு அதை எடுத்து விடத் தெரியாது, சின்ன வயசிலேருந்து தெரியாது, அதனாலதான் போறதுக்கே பயமா இருக்கு, போகாம இருக்கவும் பயமா இருக்கு என்று சொல்லிவிட்டு, மேசையில் விழுந்த தண்ணீரைத் துடைக்கிறேன் என்று துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். வேறென்ன செய்வது.

பிறகு நான்தான் சொன்னேன், அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், மகள் அறை காலியாகத்தானே இருக்கிறது என்று. சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று எனக்குத் தெரிந்தது. உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உங்களால அவளைத் தினமும் பாக்க முடியுமா, அவ பேசறதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா என்றாள். முடியும் என்று சொல்லியிருந்தால் நல்ல கிறிஸ்தவன், முடியாது என்று சொல்லியிருந்தால் நேர்மையான கிறிஸ்தவன், நான் இரண்டும் இல்லாமல் தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்காதவளை மன்னிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவள் மேல் கோபப்படலாமா என்றும் தெரியவில்லை. கோபம் போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், அங்கேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் தெரியாது என்று சொன்னதும் உன் அம்மா முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது, அதற்கு என்ன காரணம் என்பதும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் நானே போன் செய்தேன். உன் அம்மா வாசற்படியில் ஒரு போர்வையை வைத்துக்கொண்டு மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யாரு என்றது தலைமையாசிரியைக் குரல், இடுப்புதான் முறிந்திருக்கிறது, குரலுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு என் பெயர் மறந்துவிட்டது. டாக்டர் பேசறேன் அக்கா என்றேன். நான் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி மூச்சு விடாமல், இங்க வந்துடுங்க, அறை இருக்கு, ஆள் இருக்கோம், உங்க தங்கச்சி வேலை பாக்கற ஆஸ்பத்திரியும் பக்கம் என்று சொல்லி முடித்தேன். படி இருக்கா என்று கேட்டாள். தரை வீடுதான், வாசல்ல ஒரே படி, அதையும் சரிவு போட்டுக் கட்டிடலாம் என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நன்றி இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லையே. மறுநாள் காலையில் உன் அம்மாவுக்குப் போன் செய்து, டாக்டருக்கு என்ன, குரல் நடுங்குது, பிரஷர் பாத்தானா என்று கேட்டாளாம். இது அக்கறையா, நக்கலா. உன் அம்மாவைக் கேட்டேன், அக்காவுக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்கிறாள். இத்தனை வருஷமும் அப்படித்தானா, அல்லது இடுப்பு முறிந்த பிறகா. இதை இனிமேல் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய.

அதற்குப் பிறகு இன்றுவரை அங்கிருந்து பதில் இல்லை. சனிக்கிழமை ரயிலில் உன் அம்மா போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். அந்த டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காளே, வாசல்லயே நிறுத்தி வச்சா என்ன பண்ணுவீங்க என்றாள். நிற்கிறேன் என்றேன். மழை பேஞ்சா என்றாள். நனைகிறேன் என்றேன். துணி எடுக்கப் பின்பக்கம் போய்விட்டாள், ஆனால் மெதுவாகத்தான் போனாள். பல் டாக்டர்களிடம் சொல்லிவிட்டேன், இங்கே ஏழெட்டுப் பேர் நான் வரும்வரை கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள், ரிட்டயர்ட் தபால்காரர் மட்டும் ஜாக்கிரதையாகத் தும்மினால் போதும். போதகரிடம் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போகிறோம் என்றேன், எந்தச் சபை என்று கேட்டார்.

உன்னைக் கேட்காமல் உன் அறையைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அது தப்பு. நீ விடுமுறைக்கு வந்தால் படுக்க இடம் வேண்டும், உன் படம் ஒட்டின சுவர், உன் ஜன்னல். அதைக் கொடுக்க உனக்கு மனமா என்று யோசித்து, உள்ளபடி அம்மா போனுக்குச் சொல், ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை, இனி எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. இந்தக் கடைசிப் பக்கத்தை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அம்மா கட்டிலில் பெட்டியை விரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள், ஆஸ்பத்திரி மடிப்பு, ஓரம் ஓரத்தோடு. அவள் துணியெல்லாம் வைத்த பிறகு பக்கத்தில் என்னுடைய சட்டை ஒன்றை வைத்தாள். ஒன்றே ஒன்று. எனக்கு உடனே குழப்பம், ஒரு சட்டை என்றால் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாளே நீ கிளம்பு என்று அர்த்தமா, அங்கே துவைத்துத் துவைத்துத் தருகிறேன் என்று அர்த்தமா. முன்பாயிருந்தால் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்து ஆண்டவரிடம் கேட்டிருப்பேன். நேராகக் கேட்டேன், ஏன் ஒன்று என்று. எத்தனை நாள் என்கூட இருக்கப் போறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், மிச்சத்தை நீங்கதான் எடுத்து வைக்கணும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் திரும்பி வருவாளா என்று இத்தனை நாள் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன், நான் எத்தனை நாள் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டு எடுத்தேன், வைத்தேன். நாலு எடுத்தேன். பெட்டி மூடவில்லை என்று கூப்பிட்டேன், உட்கார்ந்து அமுக்குங்க என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது, அதனால் இருக்கிற எல்லாவற்றையும் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ பூட்டிவிட்டுப் போகிற கதவையும் திறந்துகொண்டு வருகிற கதவையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக, தனியாகச் சாப்பிடுகிற வேளையில் கூட இருப்பாராக, உன் வேலையையும் உன் தூக்கத்தையும் ஆசீர்வதிப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே ஆராதனைக்குப் போ. பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை போன் செய், சுகம் விசாரி, என்னைப் பற்றி எதுவும் கேட்டால் நான் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன் என்று சொல்.

உன் பதிலை எதிர்பார்த்து, பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும்,
உன் அன்பு அப்பா